நீங்க இருக்கீங்களே!

வேலைக்கு விண்ணப்பித்த கறுப்பினப் பேராசிரியர் யார் வந்தாலும் சாப்பிட அழைத்துப்போவது ஒடெசாவின் தலையில்தான் விழும். அமெரிக்காவில், அயோவா மாநிலத்தின் அந்த நர்சிங் கல்லூரியில் கறுப்பினத்து ஆசிரியை அவள் ஒருத்திதான்.

இன்று வந்தவன் டெரில்.

"ஒஹாயோ காலேஜ் வேலையை ஏன் தம்பி விட்டீங்க?"

"அங்கே நம்மாளு நான் ஒருத்தன்தான், அக்கா. நம்ம பிள்ளைங்க எது அழுதாலும் என்கிட்ட அனுப்புவாங்க. விளம்பரத்துக்குப் போட்டோன்னா என்னை இழுப்பாங்க. பதவி உயர்வு கேட்டா மட்டும், ஆராய்ச்சி பத்தலைம்பாங்க. ராஜினாமா கொடுத்துட்டேன்."

ஒடெசா சூப்பைக் கிளறினாள்.

"அந்த ஊர்ல நம்ம முடிக்குச் சடை பின்னுற கடை இருக்கா?"

"இருக்கு. என் மனைவி அங்கேதான் போவா."

"நம்ம சர்ச்?"

"தெருவுக்குத் தெரு. ஊரைச் சொல்லிக் குத்தமில்லக்கா, காலேஜ்தான் நரகம். இங்கே துணைக்கு நீங்க இருக்கீங்களே, அது போதும். காலையிலேயே இங்கே சேர்றதுக்கு டீன்கிட்ட கையெழுத்துப் போட்டுட்டேன்."

ஒடெசாவின் கரண்டி நின்றது.

"தம்பி, நீங்க விட்ட வேலைக்கு என்னை எடுத்துட்டாங்க. திங்கக்கிழமை கிளம்புறேன்."

டெரிலுக்கு முகம் செத்துவிட்டது.

"நான் இவ்வளவு சொல்லியுமா?"

"நீங்க சொன்னதெல்லாம் இங்கேயும் உண்டு. அங்கே சடை பின்னவாவது ஆள் இருக்கே."