வரக் கூடாத அண்ணன்

துறைமுகத்தில் சரக்கை இறக்கிய கையோடு சுடலைக்கண்ணன் லாரியை ஏரலுக்கு விட்டான். தங்கை இந்துமதியின் கல்யாணத்துக்கு அவன் வரக் கூடாதாம். அவன் கழுத்து வீக்கத்தைக் கேள்விப்பட்டு மாப்பிள்ளை வீட்டார் முகம் சுளிப்பதாக அப்பா காலையில்தான் சொல்லியிருந்தார்.

மாப்பிள்ளையின் அப்பா சொரிமுத்து தன் பாத்திரக்கடைக் கல்லாவில் இருந்தார். சுடலைக்கண்ணன் காலரை விலக்கி, காதடியிலிருந்து கழுத்து வரை புடைத்திருந்த வீக்கத்தைக் காட்டினான்.

"நல்லா பாருங்க அண்ணாச்சி! இது கிமுரான்னு ஒரு நோய். புத்துநோய் இல்ல, யாருக்கும் ஒட்டாது. டாக்டரே சொல்லிட்டாரு. இதுக்காகப் பொண்ணோட அண்ணனையே வராதன்னு சொல்லுவீயளோ? நீங்கல்லாம் மனுசங்கதானா?"

கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சொரிமுத்து எழுந்து வந்து அவன் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"நீ இந்துமதிக்கு அண்ணனாப்பா?"

"ஆமா. ஏன், தெரியாதோ?"

"உன் போட்டோகூட காட்டலியேப்பா. நீ கப்பல்ல வேலை பாக்குறே, லீவு கிடைக்காதுன்னுல்லா உங்கப்பா சொன்னாரு. மச்சினன் மாலை போடாம எம்மவன் எப்படி மணவடை ஏறுவான்? நீ வார வரைக்கும் கல்யாணத்தைத் தள்ளி வைப்பமான்னு அவருகிட்ட கேட்டுக்கிட்டுல்லா இருக்கேன்!"

அதுவரை சொரிமுத்துவின் மேலிருந்த ஆத்திரம் அப்படியே வீட்டுப் பக்கம் திரும்பியது. சுடலைக்கண்ணன் அப்பாவுக்குப் போன் போட்டான்.

"எப்பா, நான் கப்பல விட்டு எறங்கிட்டேன். ஒங்க சம்பந்தி கடையிலதான் நிக்கேன்."