முந்நூறு வெற்றுத் தோட்டா

"பைபிள் மேல கை வச்சுச் சொல்றேன் டார்லா, இதுல எனக்கு ஒரு சம்பந்தமும் இல்ல."

அப்படிச் சொன்னபோது என் கை பைபிள் மேல்தான் இருந்தது. உங்களுக்கும் அதே சத்தியம். இங்கே எழுதியிருப்பதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது.

டார்லா ஸ்பேனரோடு என் வாசலில் நின்றாள். பக்கத்து வீட்டுக்காரி. அவள் புருஷன் மெர்ல் அன்று காலைதான் அவளுடைய சாப்பாட்டு மேசையில் நாலு துளை போட்டு, தோட்டா செய்யும் இரும்பு பிரஸ்ஸை முடுக்கி வைத்திருந்தான்.

"யார் அவனை ஏத்திவிட்டது ஆர்வில்? உங்க மூஞ்சியப் பார்த்தாலே தெரியுது."

"இந்த மூஞ்சி எழுபத்தாறு வருஷமா இப்படித்தான்மா இருக்கு."

நடந்தது இதுதான். மர அறுவை ஆலையில் மெர்லுக்கு வாரத்தில் மூன்று நாள்தான் வேலை என்றாகிவிட்டது. கடையில் இருபது தோட்டா நாற்பத்தைந்து டாலர். சுட்டுப்போட்ட பித்தளைக் கூட்டிலேயே புது வெடிமருந்தும் குண்டும் வைத்து அழுத்திவிட்டால் பாதிச் செலவில் முடியும் என்று கிளம்பினான். டார்லா ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். மொத்தம் இருநூறு டாலர். ஒரு டாலர் கூடினாலும் தேங்க்ஸ்கிவிங் விடுமுறை வாரத்தில் எல்க் மான் வேட்டை கிடையாது. அதற்குப் பதில் ஸ்போகேனில் அவளுடைய அக்கா வீடு. அக்காள் புருஷன் முள்கம்பி சேகரிக்கிறவர். நூற்று நாற்பது வகை வைத்திருக்கிறார். ஒவ்வொன்றாக விளக்குவார்.

மெர்ல் அந்த விளக்கத்தை இரண்டு முறை முழுசாகக் கேட்டவன்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் அவனோடு ஊருக்கு வெளியே இருக்கும் சுடும் மைதானத்துக்குப் போனேன். எல்லோரும் போன பிறகு மெர்ல் நாலு காலில் தவழ்ந்து, அடுத்தவர்கள் சுட்டுப்போட்ட கூடுகளைப் பொறுக்குவது வழக்கம். அன்று பெஞ்சுக்கு அடியில் ஒரு பச்சை வாளி. வெள்ளரிக்காய் ஊறுகாய் வந்த வாளி. அது நிறையப் பித்தளைக் கூடு.

"பெரிசு, இங்க வா. முந்நூறு இருக்கும். எவனோ மறந்துட்டுப் போயிருக்கான்."

நான் ஒன்றை எடுத்து, கண்ணாடியை மாட்டி, அடியில் பொறித்திருந்ததைப் படித்தேன். "உன் ரைபிளுக்கு இது சேராது. வச்சுட்டு வா."

"முந்நூறு, ஆர்வில்."

"அளவு சேராத செருப்பு ஓசில கிடைச்சா காலை வெட்டிக்குவியா?"

"எதுக்கு வெட்டணும்? வேற கால் வாங்கிட்டாப் போச்சு."

வாளியை மடியில் வைத்துக்கொண்டுதான் வந்தான். வண்டியை நான் ஓட்டினேன்.

நேரே லெஸ்டரின் பழைய துப்பாக்கிக் கடை. அந்தக் கூடுகளுக்குப் பொருந்தும் ரைபிள் ஒன்று அங்கே சுவரில் ஒன்பது வருஷமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்கான தோட்டாவைக் கம்பெனிக்காரன் நிறுத்தி வெகுகாலம் ஆகிவிட்டதால் ஒருவனும் அதைத் தொடவில்லை.

"இது யாரோடது லெஸ்டர்?"

"ஒருத்தர் வித்துத் தரச் சொல்லி வச்சுட்டுப் போனது. உன் ரைபிளை அவருக்குக் குடுத்துட்டு இதை எடுத்துக்கோ. காசு வேண்டாம்."

லெஸ்டர் என்னைப் பார்த்தான். நான் சுவரில் இருந்த கரடித் தலையைப் பார்த்தேன்.

"யோசிச்சுக்கோ மெர்ல்," என்றேன். "உன்னோடதுக்குப் பெட்ரோல் பங்க்லகூடத் தோட்டா கிடைக்கும்."

"அங்க காசு கேப்பான் பெரிசு. இங்க முந்நூறு கூடு என் மடியில இருக்கு."

துப்பாக்கி கை மாறியது.

இவ்வளவையும் டார்லாவிடம் சொன்னேன். நம்பாமல் என்னைத் தன் வீட்டுக்கே இழுத்துக்கொண்டு போனாள். மேசைமேல் ரசீதுகளைச் சீட்டுக்கட்டு மாதிரி விரித்து வைத்துக்கொண்டு மெர்ல் உட்கார்ந்திருந்தான்.

"பழைய பிரஸ் அறுபது. இந்தக் கூட்டுக்குன்னு தனி அச்சு அம்பது. மருந்து, கேப்பு, குண்டு எல்லாம் சேர்ந்து எண்பத்தெட்டு. ரெண்டு டாலர் மிச்சம். அக்காகிட்ட நான் ரொம்ப விசாரிச்சதாச் சொல்லு."

டார்லா அவன் முன்னால் இருந்த தட்டைப் பார்த்தாள். "அது என் கேக் தராசுதானே?"

"கழுவித் தந்துடறேன்."

நான் தொண்டையைச் செருமினேன். பக்கத்து வீட்டுக்காரன் என்று ஒரு கடமை இருக்கிறதல்லவா. "மெர்ல், அது சர்க்கரைக்குச் சரி. மருந்து துளி கூடினாலும் ரைபிள் உன் மூஞ்சியிலதான் வெடிக்கும். அதுக்குன்னு சின்னத் தராசு விக்குது."

"எவ்வளவு?"

"முப்பது டாலர்."

மெர்ல் தராசைப் பார்த்தான், ரசீதுகளைப் பார்த்தான். "குத்துமதிப்பாப் போட்டா?"

"மூஞ்சி உன்னோடது."

"சின்னத் தராசே வாங்கு," என்றாள் டார்லா. ஸ்பேனரை மேசைமேல் வைத்தாள். "அந்த மூஞ்சி எனக்கு ஸ்போகேன்ல வேணும்."

புதன்கிழமை இருவரும் ஸ்போகேனுக்குக் கிளம்பினார்கள். மெர்ல் வண்டிக் கண்ணாடியை இறக்கி, "மேட்டுக்கு மேல, ஒத்தைப் பைன் மரத்துக்கிட்ட, விடியற நேரம் எல்க் வரும் பெரிசு. யாருக்கும் சொல்லிடாத," என்றான். நான் யாருக்கும் சொல்லவில்லை.

மறுநாள் விடியற்காலை, ஒற்றைப் பைன் மரத்தடியில், பெட்ரோல் பங்கில் வாங்கிய தோட்டா ஒன்றால், மெர்லின் பழைய ரைபிளில் எல்க்கை வீழ்த்தினேன்.

திரும்பி வந்ததும் அவனுக்குக் கால்பங்கு இறைச்சி நிச்சயம். பதிலுக்கு அந்தப் பச்சை வாளியை மட்டும் தந்துவிட்டால் போதும், ஒரு மாதமாக என் கோழிகள் சோற்றுச் சட்டியில் தண்ணீர் குடிக்கின்றன.