முற்றம்

கலவரம் ஓய்ந்து இருபத்தாறு ஆண்டுகள் ஆகியும், அந்த நகரத்தின் ஆட்டோக்காரர்கள் போலீஸ் சாவடியைத் தாண்டி அடுத்த பகுதிக்குள் போவதில்லை. ஜுனைதா அங்கேயே இறங்கி நடந்தாள். அவளுடைய முக்காட்டைப் பார்த்ததும் தெருவில் இரண்டு ஜன்னல்கள் சாத்தப்பட்டன. தான் பிறந்து வளர்ந்த வீட்டின் கதவைத் தட்டினாள். திறந்த பெண்ணின் முகம் வெளுத்தது.

“பத்திரம் எங்க பேர்லதான் இருக்கு. முறையா வாங்கினதுங்க,” என்றாள்.

“வீட்டக் கேக்க வரலம்மா. எங்க அத்தாவ வெட்டினது இந்த முத்தத்துலதான். ஒரு தடவ பாத்துட்டுப் போயிடுறேன்.”

அந்தப் பெண் வழிவிட்டாள். முற்றத்தில் காய்ந்துகொண்டிருந்த துணிகளை அவளே ஓடிப்போய்க் கொடியிலிருந்து உருவினாள். ஜுனைதா குனிந்து உள்ளங்கையைத் தரையில் வைத்தாள். அழுகை வரவில்லை. வெயில் பட்ட தரை சுட்டது. ஆனாலும் கையை எடுக்கவில்லை.

உள்ளறையிலிருந்து கணவனின் குரல் கேட்டது. “யாருடி வந்திருக்கா?”

ஈரத் துணிகளை மார்போடு அணைத்தபடி நின்ற அந்தப் பெண், ஜுனைதாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இந்த வீட்டுக்காரங்க வந்திருக்காங்க,” என்றாள்.