சத்தம் வராத ட்ராம்போலின்

"நீங்க ஏறி நில்லுங்க. நான் அடியில பாக்கறேன்" என்றாள் மோகனா.

ஜெயப்பிரகாஷ் செருப்பை ஓரமாகக் கழற்றி விட்டுவிட்டு அந்தச் சின்ன ட்ராம்போலின்மேல் ஏறி நின்றான். மோகனா தரையில் ஒரு கையை ஊன்றிக் குனிந்து, அவன் எடைக்குத் துணி எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்தாள்.

"குதிங்க."

குதித்தான்.

"இன்னும் கொஞ்சம் ஜாஸ்தி."

ஜாஸ்தியாகக் குதித்தான். ஸ்பிரிங்குகள் கிரீச் கிரீச் என்று கத்தின. மோகனா எழுந்து, வேண்டாம் என்று தலையசைத்தாள்.

ஆம்பூரில் உடற்பயிற்சி சாமான் விற்கும் அந்தக் கடையில் எழிலரசி வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்தான் ஆகிறது. அதற்குள் ஒன்று தெரிந்துகொண்டிருந்தாள். ஜோடியாக வருகிறவர்கள் பில் போடுவதற்குள் ஒரு சண்டை போட்டுவிடுவார்கள். எங்கே வைப்பது, யார் துடைப்பது, வாங்கிப் போட்டு யார் ஏறப்போகிறார்கள் என்று ஏதாவது ஒன்று கிளம்பிவிடும்.

இவர்கள் வந்து முக்கால் மணி நேரமாகிறது. இன்னும் ஒரு குரல்கூட உயரவில்லை.

"யாருக்கு மேடம்?" என்று கேட்டாள்.

"பொண்ணுக்கு. பதினோரு வயசு. ஸ்கூல் விட்டு வந்தா ரூமுக்குள்ளயே கெடக்கறா. விளையாடவே போறதில்ல, வெயிட்டு ஏறிப்போச்சு. வீட்லயே தெனம் அரைமணி நேரம் குதிக்கணும்னு டாக்டர் சொல்லியிருக்காரு."

"ஒரு நாள்கூட விடக் கூடாதுன்னாரு" என்றான் ஜெயப்பிரகாஷ்.

எழிலரசி அடுத்ததை இழுத்துப் போட்டாள். மோகனா அதைக் கவிழ்த்து, கம்பியோடு துணி சேரும் இடத்தை நகத்தால் கீறிப் பார்த்தாள்.

"ஒத்தைத் தையல்மா இது. நான் ஷூ கம்பெனில செக்கிங்ல இருக்கேன். ஆறு மாசம் தாங்காது, பிரிஞ்சிடும். வேற காட்டு."

மூன்றாவதில் தையல் கெட்டியாக இருந்தது. ஆனால் கால் நாலுதான். ஜெயப்பிரகாஷ் ஓரத்தில் மிதித்ததும் எதிர்ப்பக்கம் தூக்கிக்கொண்டது. அதையும் தள்ளி வைத்தார்கள்.

நான்காவதில் ஸ்பிரிங்கே இல்லை. சுற்றிலும் விரல் தடிமனுக்கு எலாஸ்டிக் கயிறு. ஆறு கால், அடியில் ரப்பர் மூடி, பிடித்துக்கொள்ள முன்னால் ஒரு கம்பி.

"இது சத்தம் போடாதில்ல? கீழ ஹவுஸ் ஓனர் இருக்காங்க" என்றாள் மோகனா.

"மேல தகர ஷீட்டு. பாப்பா வளந்துட்டா, தலை இடிக்கக் கூடாது. உயரம் கம்மியா இருக்கணும்" என்றான் ஜெயப்பிரகாஷ்.

மாடியில் ஷீட் போட்ட வீடு போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள் எழிலரசி. "இதுல உயரம் கம்மிதான் சார். கயிறு தளந்துட்டாலும் தனியா வாங்கி மாத்திக்கலாம்."

அவன் ஏறிக் குதித்தான். தொப், தொப் என்று தலையணை விழுவதுபோல மெல்லிய ஓசை மட்டும் வந்தது. மோகனா மறுபடி குனிந்து பார்த்தாள். துணி தரைக்கு ஒரு சாண் உயரத்திலேயே நின்றது.

"இது சரியா இருக்கு" என்றாள்.

"உன் இஷ்டம்" என்றான்.

எழிலரசிக்குத் திக்கென்றது. மாதனூரில் அவள் வீட்டில் எல்லாச் சண்டையும் அந்த வார்த்தையில்தான் ஆரம்பிக்கும். நாற்பது நாளுக்கு முன்னால் ஒரு மிக்ஸி வாங்குகிற பேச்சில் அவள் புருஷன் வேலு அதைச் சொன்னான். இவள் ஒன்று சொல்ல, சாப்பாட்டுத் தட்டு சுவரில் போய் விழுந்தது. அன்றைக்கே பையை எடுத்துக்கொண்டு ஆம்பூருக்கு அம்மா வீட்டுக்கு வந்துவிட்டாள்.

வந்ததிலிருந்து அழுகையும் வரவில்லை, கோபமும் வரவில்லை. வேலு போன் செய்வான். அது அடித்து ஓய்கிறவரை பார்த்துக்கொண்டே இருப்பாள்.

ஆனால் மோகனா, "உங்களுக்கும் சரின்னாதான்" என்றாள்.

"சரிதான்."

அவ்வளவுதான், முடிந்துவிட்டது. அவனுக்கு வியர்த்திருந்தது. மோகனா பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டினாள். அவன் குடித்து, மூடியைத் திருகித் திருப்பிக் கொடுத்தான். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. பல வருஷம் கூடவே இருந்தவர்களுக்கு முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை போலும்.

இப்படியும் பேசிக்கொள்ள முடியும். இத்தனை நாளும் அது தெரியாமல் போயிற்றே என்றிருந்தது எழிலரசிக்கு.

"ஸ்டாக் பாத்துட்டு வர்றேன் மேடம்" என்று குடோனுக்குள் போனாள். அடுக்கியிருந்த அட்டைப் பெட்டிகளுக்கு நடுவில் நின்று போனை எடுத்தாள். 'ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வர்றேன். ஒருத்தர் சொல்றத ஒருத்தர் பொறுமையா கேட்டு வாழலாம்' என்று அடித்து, இன்னொரு தடவை யோசிப்பதற்குள் வேலுவுக்கு அனுப்பிவிட்டாள். மரத்துக் கிடந்த நெஞ்சில் ஏதோ லேசாக அசைந்தது.

வெளியே வந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள்.

"ஸ்டாக் இருக்குது மேடம். ஒரு பீஸ், டோர் டெலிவரி. அட்ரஸ் சொல்லுங்க."

ஜெயப்பிரகாஷ் குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டிருந்தான். மோகனா அவன் பக்கம் திரும்பவில்லை. தையலைப் பற்றிச் சொன்ன அதே குரலில் சொன்னாள்.

"ரெண்டு போடும்மா. பாப்பா நாலு நாள் என் வீடு, மூணு நாள் அவர் வீடு."