காலருக்குள் இருந்த துணி

"ஒரு சாண் லினனுக்காகத் தைச்சு முடிச்ச கோட்டைப் பிரிக்கச் சொல்றீங்களே, அடுக்குமா இது?"

"சாண் எதுக்கு? ஒரு நூல் இருந்தாலே ஆகாது."

தையல்காரர் கோட்டை மேசைமேல் போட்டார். கடிகாரக்காரர் கண்ணில் மாட்டியிருந்த லென்ஸைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்தார். காலரின் அடியில் இரண்டு தையலைத் தளர்த்தி, உள்ளே இருந்த நூலை அந்த லென்ஸ் வழியாகத்தான் பார்த்திருந்தார். நடுநடுவே தடித்த நூல். லினனேதான்.

கம்பளியும் லினனும் ஒரே உடுப்பில் சேரக் கூடாது என்பது கடிகாரக்காரருடைய வேதத்தில் இருக்கிறது. தையல்காரருடைய வேதத்திலும் அதே பக்கம் இருக்கிறது. கடிகாரக்காரர் யூதர், தையல்காரர் கிறிஸ்தவர். அடுத்தடுத்த கடை. முப்பது வருஷ வாதம். பன்றிக்கறியில் தொடங்கும், சனிக்கிழமை ஓய்வில் முடியும். யாரும் ஜெயித்ததில்லை. முடிந்ததும் டீ குடிப்பார்கள்.

இரண்டு வருஷமாக டீ இல்லை. வாதமும் இல்லை.

மூன்று வாரத்துக்கு முன் கடிகாரக்காரர் கருப்புக் கம்பளித் துணியோடு வந்து, "எங்க மாப்பிள்ளைக்குக் கல்யாணக் கோட்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டுப் போனார். அளவு அவரும் கொடுக்கவில்லை, இவரும் கேட்கவில்லை.

"லினன் இல்லாம காலர் நிக்காது. நாய்க்காது மாதிரி தொங்கும்."

"தொங்கட்டும். இது இருந்தா மாப்பிள்ளை போட மாட்டார்."

"உள்ளே இருக்கிறது யார் கண்ணுக்குத் தெரியப் போகுது?"

"போடுறவருக்குத் தெரியும்."

அந்த லினன் கடையிலேயே உயர்ந்தது. பதினெட்டு வருஷமாகப் பெட்டியின் அடியில், எதற்கும் வெட்டாமல் வைத்திருந்தது. அதைச் சொல்லத் தையல்காரருக்கு வாய் வரவில்லை.

"கடவுள் மனசுல என்ன இருக்குன்னு பார்ப்பாரா, காலர்ல என்ன இருக்குன்னு பார்ப்பாரா? எங்களுக்கு அந்தப் பழைய கட்டளையெல்லாம் நிறைவேறியாச்சு. தைச்சு முடிச்ச கோட்டை யாராவது திரும்பத் தைப்பாங்களா?"

"தைக்க மாட்டாங்க. போட்டுக்குவாங்க."

பழைய நாளாக இருந்தால் தையல்காரர் தொடையில் தட்டிச் சிரித்திருப்பார். இப்போது கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எவ்வளவு துடைத்தாலும் இந்த மங்கல் போவதில்லை.

"பிடிச்ச முயலுக்கு மூணே கால் உங்களுக்கு."

வாய்தான் வாதாடியது. கை ஏற்கெனவே பிரிக்கத் தொடங்கியிருந்தது. கத்திரியின் முனை ஒவ்வொரு தையலாகத் தூக்கியது.

"எனக்கு மட்டுமா? கொலை செய்யாதேங்கிறது உங்களுக்கு வேணும், திருடாதேங்கிறது வேணும், அப்பா அம்மாவை மதிங்கிறது வேணும். துணி சமாச்சாரம் மட்டும் கசக்குது."

கத்திரி நின்றது.

கடிகாரக்காரர் உதட்டைக் கடித்துக்கொண்டு வாசல் பக்கம் பார்த்தார். மூலையில் இரண்டாவது தையல் மிஷின் உறை போட்டபடி நின்றது. அதன்மேல் தூசி படிந்திருந்தது.

"நேரம் இல்லை," என்றார், குரலைத் தாழ்த்தி. "இன்னைக்கு வெள்ளி. சூரியன் இறங்கினா நாளைக்கு இருட்டுற வரைக்கும் எங்களுக்கு ஓய்வுநாள், நான் எந்த வேலையும் கையால தொட மாட்டேன். ஞாயிறு நீங்க கடை திறக்க மாட்டீங்க. கல்யாணமோ ஞாயிறு சாயங்காலம்."

"தெரியும்."

லினன் ஒரே துண்டாக வெளியே வந்தது. அழுத்தித் தேய்த்த கழுத்து வளைவு அதில் அப்படியே இருந்தது. தையல்காரர் அதைக் கீழே போடவில்லை. மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டார்.

பருத்தித் துணியை இரண்டு மடிப்பாக வெட்டி உள்ளே வைத்தார். குண்டூசிகளை வாயில் கவ்விக்கொண்டு, கோட்டை மரப் பொம்மைக்கு மாட்டினார்.

"இடது பக்கம் ஏறி நிக்குதே?" என்றார் கடிகாரக்காரர்.

"பொம்மைக்கு ரெண்டு தோளும் சமம்," ஊசிகளுக்கு நடுவே தையல்காரர் முனகினார். "அவனுக்கு இடது தோள் ஒரு விரல் இறக்கம். பஞ்சு கூட வச்சிருக்கேன். எட்டு வயசுல சைக்கிள்ல இருந்து விழுந்தான். நான்தான் தூக்கிட்டு ஓடினேன்."

கடிகாரக்காரர் அந்தத் தோளை விரலால் அழுத்திப் பார்த்தார்.

இரண்டு வருஷத்துக்கு முன், தையல்காரருடைய மகன் அப்பாவின் கோயிலை விட்டுக் கடிகாரக்காரருடைய ஜெபக்கூடத்துக்குப் போன அன்று, "இனி இந்தப் படி ஏறாதே" என்று இதே வாசலில் ஒரு குரல் தெரு முழுக்கக் கேட்டது. பக்கத்துக் கடையில் அத்தனை கடிகாரங்களுக்கும் நடுவே அது கேட்டது.

தையல்காரர் காலரை நிமிர்த்தினார். அது மெல்லச் சாய்ந்தது. மறுபடி நிமிர்த்தினார்.

"பருத்திக் காலர். பொம்மைமேல வச்சுத் தைச்சா உட்காராது. ஆள் கழுத்துல வச்சுப் பார்க்கணும்."

கடிகாரக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சூரியன் இறங்க இன்னும் ஒன்றேகால் மணி நேரம் இருந்தது.

தையல்காரர் வாயிலிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தார். ஏழு ஊசி.

"சம்பந்தி," என்றார். முப்பது வருஷத்தில் அவரை அப்படிக் கூப்பிட்டதில்லை. "வரக் கூடாதுன்னு சொன்னது நான்தான். இப்ப கேக்குறதும் நான்தான். போட்டுப் பார்க்க ஒரே ஒரு தடவை அவனை வரச் சொல்லுங்க."