மூணு மணி ஜெபம்

"ஐயா, கதவத் தெறங்க! இவள இன்னிக்கே கொட்டகலைக்கு, அப்பன் வீட்டுக்கு அனுப்பப் போறேன்!"

சின்னராசாவின் தோளில் தகரப் பெட்டி. பின்னாலேயே அவன் பெண்டாட்டி ஞானப்பூ. கல்யாணமாகி ஆறு மாசம்கூட முடியவில்லை. பறித்த தேயிலைக் கொழுந்தை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு மலையிலிருந்து இறங்கியவளை, இடுப்பில் கட்டிய சாக்கைக்கூட அவிழ்க்கவிடாமல் இழுத்து வந்திருந்தான்.

உபதேசியார் மாசிலாமணி கதவைத் திறக்கக் கொஞ்ச நேரமாயிற்று. மத்தியானம் மூணு மணிக்குக் கதவைச் சாத்தினாரென்றால் தனி ஜெபம். தோட்டத்தில் ஒருத்தரும் தட்டமாட்டார்கள். இன்றைக்குச் சின்னராசாவுக்குக் கோபம் கண்ணை மறைத்துவிட்டது.

கதவைத் திறந்தவரின் கண்கள் சிவந்து கலங்கியிருந்தன. ஐயோ, மனுசன் நமக்காக எல்லாம் அழுது ஜெபிச்சிருக்காரே என்று சின்னராசா உருகிப்போனான்.

"என்னப்பா இந்த நேரத்துல?"

"நீங்கதானேய்யா ஞாயித்துக்கெழம கோயில்ல சொன்னீங்க? குணசாலியான பெண்டாட்டி வீட்டுல வெளக்கே அணையாதுன்னு. ஒங்க வீட்டு சலோமி அக்கா மலையிலேருந்து வந்து கூடைய எறக்குறதுக்குள்ள ஒங்க தட்டுல சுடுசோறு இருக்குன்னு. எங்க வீட்டுல வந்து பாருங்க, அடுப்புல பூனை படுத்திருக்கு!"

அவன் சொன்னது பொய்யில்லை. அந்தப் பிரசங்கத்துக்குப் பிறகு தோட்டத்து வேதக்காரப் பெண்களுக்கெல்லாம் ஏழரைதான். எந்த வீட்டில் சோறு ஆறிப்போனாலும், "சலோமியப் பாத்துக் கத்துக்கடி" என்பதே பேச்சு. உபதேசியார் வீட்டுக் கூரையில் மத்தியானமே புகை வருகிறதே என்று யாராவது கேட்டால், அதற்கும் பதில் இருந்தது. சலோமி காலையிலேயே அடுப்புக் கங்குகளைச் சாம்பலால் மூடி, உலையை ஏற்றி வைத்துவிட்டுப் போகிறாளாம். அப்பேர்ப்பட்ட கெட்டிக்காரி!

உபதேசியார் வீட்டுக்குள்ளே ஒரு பார்வை பார்த்தார். "சரி சரி, நாளைக்குப் பேசுவோம். இப்பப் போங்க."

"நாளைக்கெல்லாம் ஆவாதுய்யா. கடைசி பஸ் ஆறு மணிக்கு. இவளுக்குக் குணசாலிய நேர்ல காட்டணும்னுதான் கூட்டியாந்தேன். பாத்து இவ திருந்துனா சரி. இல்லாட்டி அப்பன் வீட்டுக்குப் போவட்டும்."

ஞானப்பூவின் அப்பன் வீட்டில் இன்னும் இரண்டு தங்கச்சிகள் கல்யாணத்துக்கு நிற்கிறார்கள். இவள் பெட்டியோடு போய் இறங்கினால் அவர்களை யார் கட்டுவார்கள்?

அந்த நேரம் சலோமி வந்து சேர்ந்தாள். கூடையை இறக்கினாள். கெண்டைக்காலில் கடித்துக்கொண்டிருந்த அட்டையைப் பிடுங்கி எறிந்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்தாள். என்ன சங்கதி என்று அந்தத் தகரப் பெட்டியே அவளுக்குச் சொல்லிவிட்டது.

"நல்ல நேரத்துல வந்தீங்கக்கா! ஐயா, ஒரு வார்த்த சொல்லுங்க இவளுக்கு."

உபதேசியாருக்கு வேறு வழியில்லை. தொண்டையைச் செருமினார். "இங்க பாரும்மா ஞானப்பூ. புருசன் தலை, பெண்டாட்டி துணை. அசதியா இருக்குன்னு சாக்குச் சொல்றவ குணசாலி ஆவ முடியாது. இப்ப நம்ம சலோமிய எடுத்துக்கிட்டா..."

சலோமி அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"தம்பி, நீ இன்னிக்கு எப்ப வீட்டுக்கு வந்த?" என்று சின்னராசாவைக் கேட்டாள்.

"எனக்குக் கவ்வாத்து வேலதானேக்கா. தேயிலச் செடி வெட்டுற அன்னாடக் கணக்கு மத்தியானத்தோட முடிஞ்சிருச்சு."

"அப்ப இவ்வளவு நேரமும் என்ன செஞ்ச?"

"என்னக்கா இப்படிக் கேக்குறீங்க? பசியோட இவளுக்காகக் காத்துக்கிட்டு இருந்தேன்!"

அப்போதுதான் உள்ளேயிருந்து அந்த வாடை வந்தது. பருப்பு அடிப்பிடிக்கிற வாடை.

"அக்கா, என்னமோ கருகுது!" ஞானப்பூ உள்ளே ஓடப் பார்த்தாள்.

சலோமி அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். "உக்காரு புள்ள. காலையிலேருந்து நாம நின்னது போதும்."

உபதேசியார் மனைவியைக் கண்ணால் கெஞ்சினார். வேறொரு நாளென்றால் அவளும் எழுந்து போயிருப்பாள். இன்றைக்குப் பெட்டியைப் பார்த்தாள், ஞானப்பூவின் முகத்தைப் பார்த்தாள், காலை நன்றாக நீட்டிக்கொண்டாள்.

"ஆகையினால... குணசாலியோட வெளக்கு..." உபதேசியார் சமாளித்துப் பார்த்தார். வாடை தூக்கலாக வந்தது. "அந்த வெளக்கு... எப்பவுமே... ஐயையோ, என் பருப்பு!"

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அடுப்படிக்கு ஓடினார். மூடி உருண்டது. தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது. "தாளிக்கிற நேரத்துல வந்து கதவத் தட்டுனா வேறென்ன ஆவும்?" என்ற புலம்பலும் கேட்டது.

சின்னராசா கதவு வழியே உள்ளே எட்டிப் பார்த்தான். "அக்கா... அப்ப அந்த மூணு மணி ஜெபம்?"

"அதுவும் நடக்கும் தம்பி. வெங்காயம் உரிச்சுக்கிட்டே ஜெபிப்பாரு."

ஞானப்பூ முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பு அடங்கவில்லை.

"அவரக் கொற சொல்லாத. தங்கமான மனுசன், எனக்குக் கெடச்ச பாக்கியம். கோயில்ல பேசுறப்பதான் வாய் கொஞ்சம் நீண்டுருது." சலோமி எழுந்து, சின்னராசாவின் தோளிலிருந்த பெட்டியை இறக்கி வைத்தாள்.

"குணசாலிய நேர்ல காட்டத்தானே வந்த? அந்தா, அகப்பையோட அடுப்படியில நிக்குது. போயி நல்லாப் பாத்துக் கத்துக்கிட்டு வா!"