கண்ணாடியை இறக்கு

"அத்தை, ஒரு தடவை இதுல உக்காந்து பாருங்க. அப்புறமும் அந்தத் தகர டப்பாதான் வேணும்னா, நான் வாயே திறக்க மாட்டேன்" என்றான் க்ளின்.

எலன் சிரித்தாள். மருமகன் தன் புது ஜீப்பைக் கழுவித் துடைத்து, வேல்ஸ் மலையடிவாரத்தில் இருந்த அவர்கள் பண்ணை வாசலில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தான். பக்கத்தில், அவள் கணவர் எம்ரிஸின் பழைய பச்சை ஜீப். அவர்கள் கல்யாணத்துக்கும் மூத்தது. அதன் டீசல் இன்ஜினைக் கழற்றிவிட்டு மோட்டாரும் பேட்டரியும் வைக்கச் சொல்லி எம்ரிஸ் எப்போதோ பட்டறையில் விட்டிருந்தார். போன வாரம்தான் திரும்பி வந்தது.

வந்ததும் வராததுமாக லண்டன்காரர் ஒருவர் அதை விலைக்குக் கேட்டார். இன்று பதில் சொல்ல வேண்டும். விற்றுவிட்டு மாமாவுக்கும் ஒரு புது ஜீப் வாங்கிவிடலாம் என்றான் க்ளின். மகள் நெஸ்டும் அவன் கட்சிதான். எம்ரிஸிடம் கேட்டதற்கு அவர் எலனைக் கைகாட்டிவிட்டு, பழைய வண்டியில் ஏறி ஆடுகளைப் பார்க்கப் போய்விட்டார்.

"மாமாவுக்குக் கோபமா?"

"சேச்சே. என் இஷ்டம்னு விட்டுட்டார், அவ்வளவுதான்."

புது ஜீப் மேடேறியதே தெரியவில்லை. இருக்கை முதுகுக்கு இதமாகச் சூடேறியது. ஓடையைக் கடந்தபோது, தண்ணீர் கண்ணாடிக்கு வெளியே வேறு யாருடைய கனவிலோ ஓடுவதுபோல் ஓடியது.

க்ளின் வழியெல்லாம் புதியதன் பெருமைகளைச் சொல்லிக்கொண்டே வந்தான். கடைசியாகச் சொன்னதுதான் அவளை அசைத்தது.

"மலையில தனியா மாட்டிக்கிட்டா மாமா ஒண்ணுமே பண்ண வேண்டாம் அத்தை. இடிச்சாலோ கவுந்தாலோ வண்டியே ஃபோன் பண்ணி ஆளைக் கூப்பிட்டுடும்."

அவன் சொன்னது எல்லாமே சரி. பழையதில் கதவிடுக்கில் மழை வரும். இடுப்பு கழன்றுவிடும்போல் குலுக்கும். எலன் எதையும் மறுக்கவில்லை.

"அப்புறம் என்ன? அதுல அப்படி என்னதான் இருக்கு?"

"சத்தம் இல்ல."

"இதுலயும்தான் இல்ல. கதவைச் சாத்திட்டா வெளியுலகமே கிடையாது."

"அதைத்தான் நானும் சொல்றேன்."

மேட்டின் உச்சி வந்தது. எலன் அவன் கையைத் தொட்டாள்.

"இங்கே நிறுத்து. இன்ஜினை அணை. கண்ணாடியை இறக்கிட்டுப் பேசாம இரு."

ஈரப்புல் வாசனை உள்ளே வந்தது. கீழே பள்ளத்தாக்கு முழுக்க மூடுபனி படுத்திருந்தது. செம்மறிகள் கால்களே இல்லாததுபோல் அதில் மிதந்தன. எங்கோ உயரத்தில் ஒரு வானம்பாடி பாடிவிட்டு ஓய்ந்தது. பனிக்குள்ளிருந்து பச்சை ஜீப் மெல்ல வெளிப்பட்டது. சக்கரங்கள் புல்லில் உரசுவதுகூடக் கேட்கவில்லை.

ஒரு குரல்தான் கேட்டது.

கரகரத்த, தயங்கித் தயங்கி வந்த குரல். வார்த்தைகள் இல்லை, மெட்டு மட்டும். ஊர்ப் பாடகர் குழுவில் ஆண்கள் சேர்ந்து பாடும் பழைய காதல் பாட்டு. காதலியின் பெயர் வரும் இடத்தில் குரல் நின்றது. எதையோ தேடியது. பிறகு, "எலன்" என்று பாடியது.

க்ளின் திகைத்துப்போய் அவளைப் பார்த்தான்.

"ஒரு வாரமா நடக்குது" என்று அவள் கிசுகிசுத்தாள். "டீசல் வண்டியா இருந்தா அந்த இரைச்சல்ல எனக்கு எங்கே கேக்கப்போகுது? யார்கிட்டயும் சொல்லிடாத. நாம கேக்குறோம்னு தெரிஞ்சா நிறுத்திடுவார்."

க்ளின் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"ஃபோன் பண்ற அந்தக் கருவி தனியா கிடைக்குமா? அதுல மாட்டிடலாம்" என்றாள் எலன்.

அவன் தலையசைத்தான். லண்டன்காரருக்கு என்ன பதில் என்று அவன் கேட்கவில்லை. பக்கவாதம் பேச்சைப் பறித்துக்கொண்ட இந்த இரண்டு வருடங்களில், எம்ரிஸின் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை அந்தப் பெயர்.